சுவரோடு போன கப்பல்

என் வீட்டு முன்மண்டபத்துச் சுவரில் ஒரு போர்க்கப்பல் தொங்குகிறது. என் வீடு என்று எழுதியது பழக்கதோஷம். வீடு இப்போது என் மகளுடையது. வீட்டை அவள் பெயருக்கு மாற்றும் உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசு எழுதும்போது பக்கத்தில் இருந்து வாசகம் சொன்னவன் நான். ஆகவே திருத்தி வாசிக்கவும்: என் மகளின் வீட்டு முன்மண்டபத்துச் சுவரில் ஒரு போர்க்கப்பல் தொங்குகிறது.

அது ஒரு பழைய அச்சுப்படம். நான் இளம் எழுதுவினைஞனாக இருந்த ஓர் அரச அலுவலகத்தின் பதிவேட்டு அறையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை மாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். வருடாந்தப் பொருட்கணக்கெடுப்புக்கு வரும் குழு ஒவ்வொரு முறையும் ‘படம், கப்பல், கண்ணாடி உடைந்தது, ஒன்று’ என்று எழுதிக்கொண்டு போகும். ஒருமுறை அந்தக் குழுவில் என்னையும் போட்டார்கள். படத்தைக் கழித்து ஏலத்தில் விடச் சிபாரிசு செய்யலாம் என்று தோன்றியது. ஆனால் சிபாரிசு செய்தவன் ஏலம் கேட்கக் கூடாது. எனவே குழுவிலிருந்து என்னை விடுவிக்கும்படி எழுத்தில் கேட்டு, விடுபட்டு, அடுத்த குழு தானாகச் சிபாரிசு செய்யும்வரை பொறுத்திருந்து ஏலத்துக்குப் போனேன். மற்றவர்கள் கால் உடைந்த கதிரைகளுக்குப் போட்டி போட்டார்கள். கப்பலுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. இவ்வளவு முறையாக அடைந்த ஒன்றை அதே அளவு முறையாக எப்படி இழந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

படத்தில் மூன்று பாய்மரங்கள், எல்லாப் பாய்களும் காற்றில் புடைத்திருக்கின்றன. பாய்களுக்கு நடுவே ஒரு கறுத்த புகைபோக்கி. கல்யாணத்துக்குக் கோட்டும் சூட்டும் போட்டு, நம்பிக்கை வராமல் மேலே சாரத்தையும் கட்டிக்கொண்டு வந்தவரைப் போன்ற தோற்றம். கீழே பெயர் அச்சிட்டிருந்த பட்டையைக் கறையான் தின்றுவிட்டது.

அந்தப் பெயரைத் தேடியதில் என் உத்தியோக காலத்தின் நல்ல பகுதி போனது. பீரங்கி வாசல்களை எண்ணினேன். பின்புறத்து ஜன்னல் வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழைய கப்பல்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் வெளிநாட்டு நூதனசாலை ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன், பிறகு நினைவூட்டல், பிறகு நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். கடைசியில் பெயரும் வந்தது, கப்பலின் சேவை வரலாறும் வந்தது. பெயரை நான் யாருக்கும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, யாரும் கேட்கவில்லை. மனைவியிடம் சொல்லப் போனபோது, “இஞ்சேருங்க, முதல்ல அந்தத் தூசியத் தட்டிப்போட்டுக் கதைங்க” என்றார். தூசியைத் தட்டினேன். கதைக்கவில்லை.

பாய்க்கப்பலாக நினைத்துத்தான் அதைக் கட்டினார்கள். ஓக் மரம், இரண்டு பீரங்கித் தளங்கள். மரம் நன்றாகக் காய வேண்டும் என்று பல வருடம் வெறும் எலும்புக்கூடாகவே கரையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு கடலுக்குப் போய்ச் சில காலம் காற்றை நம்பி ஓடியது. அப்போது பக்கத்து நாடு நீராவிப் போர்க்கப்பல் செய்கிறது என்று செய்தி வந்தது. கடற்படைகளின் வரலாற்றை வாசித்தால் தெரியும், பாதிக் கப்பல்களைக் கட்டியது பொறாமைதான். புதிதாகக் கட்ட நேரமில்லை. ஆகவே இருக்கும் கப்பலைத் தண்ணீர் வற்றிய துறைக்குள் ஏற்றி, நடு வயிற்றில் குறுக்கே மரம் அரியும் வாளால் அறுத்து, பின்பாதியைக் கயிறு கட்டி இழுத்து, இடையில் விழுந்த வெளியைப் புது மரத்தால் அடைத்தார்கள். அந்த நடுத்துண்டுக்குள் கொதிகலனும் இயந்திரமும் நிலக்கரியும். பின்னால் தண்ணீருக்குள் ஒரு சுழலி.

பாய் விரித்து ஓடும்போது சுழலி தண்ணீரில் இழுபடும். அதனால் அதை ஒரு கிணறு போன்ற துவாரத்தின் வழியே, நூற்றுக்கணக்கான கைகள் கயிறு பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள். புகைபோக்கியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கீழே இறங்கிவிடும். அப்போது தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது பழைய பாய்க்கப்பல்தான். இயந்திரம் வந்ததை ஒளிக்க எவ்வளவு பாடு பாருங்கள்.

கப்பித்தான்மார் இயந்திரத்தை வெறுத்தார்கள். வெள்ளைப் பாய்களில் கரி படிந்தது. தளத்தை எத்தனை தரம் கழுவினாலும் காலில் கறுப்பு ஒட்டியது. இயந்திரம் ஓட்ட வந்தவர்களை அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையில் ஆரம்பத்தில் சேர்க்கவே இல்லை. நிலக்கரியை வீணாக்கக் கூடாது என்பதற்காக ஒரு விதி இருந்தது: அடுப்பு மூட்டும் கப்பித்தான், காற்று ஏன் போதவில்லை என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே அந்தக் கடற்படையை நான் மதிக்கிறேன்.

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் என்றால் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் பின்னுக்குப் போவார்கள். மகள் பிறந்த அன்றே இது தெரிந்த விடயம் என்பதால் நான் அழவோ ஆர்ப்பரிக்கவோ இல்லை. மேசன்மாரைப் பிடித்து வீட்டின் பின்சுவரை உடைத்து, எங்களுக்கு ஓர் அறையும் சமைக்கக் குசினியும் கட்டினேன். முன்மண்டபத்துக்கும் எங்களுக்கும் இடையில் கதவு வைக்க வேண்டாம், திரை போதும் என்றார் மனைவி.

உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, குடிபெயரும்போது கதவு நிலைகளையும் மின்விசிறிகளையும் கழற்றிக்கொண்டு போன தகப்பன்மாரின் பிணக்குகள் கந்தோரில் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. ஆகவே வீடு, கிணறு, மதில், தென்னைகள் என்று சொல்லி, ‘சுவர்களிலும் தரையிலும் ஆணியாலோ திருகாணியாலோ பொருத்தப்பட்டுள்ள சகல பொருட்களும்’ என்று முடித்தேன்.

“சேர், இவ்வளவும் வேணுமா?” என்றார் நொத்தாரிசு.

“வேணும்.”

நிக்காஹ் முடிந்து சாமான்களைப் பின்னுக்கு மாற்றும்போது கடைசியாகத் திருப்புளியை எடுத்துக்கொண்டு கப்பலிடம் போனேன். நான்கு மூலையிலும் நான்கு திருகாணி. நானே இறுக்கியவை. மகள் பார்த்துவிட்டு, “வாப்பா, அது அதுல இரிக்கட்டுமே, சுவருக்கு வடிவாத்தானே இரிக்கி” என்றாள். உறுதியின் வாசகம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திருப்புளியை மேசை லாச்சியில் திரும்பப் போட்டேன். பிறகு அந்த லாச்சியும் அவர்களுடையது என்பது நினைவுக்கு வர, வெளியே எடுத்தேன்.

மருமகன் வயற்புறத்துச் சம்மாந்துறையைச் சேர்ந்தவர். நெல் ஆலைக் குடும்பம். பாடசாலையில் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார். கடலுக்குள் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை, நீந்தத் தெரியாது. நல்ல மனிதர், அதுதான் சங்கடம். குறை சொல்ல ஏதாவது ஒன்றைத் தருவார் என்று இரண்டு நோன்பு காலம் பொறுத்துப் பார்த்தேன். தரவில்லை. வீட்டில் மீன் ஆக்கினால் தலை எனக்கு என்பது கல்யாணம் முடித்த நாளிலிருந்து இருந்த ஏற்பாடு. அது எந்த அறிவித்தலும் இல்லாமல் மாற்றப்பட்டது. “மகன், இந்தத் தலையையும் போட்டுக்கங்க” என்று மனைவி பாரைமீன் தலையை அவர் சோற்றுக் கோப்பைக்குத் தள்ளுவார். என்னிடம், “உங்களுக்கு முள்ளுக் குத்தும்” என்பார். அத்தனை வருடம் குத்தாத முள்.

ஒருநாள் அவர் படத்துக்கு முன்னால் நின்று கேட்டார்: “மாமா, இதுல பாயும் இரிக்கி, புகைபோக்கியும் இரிக்கி. என்னத்துக்கு ரெண்டும்?”

இந்தக் கேள்வியை என் மனைவி கேட்பார் என்று காத்திருந்தேன். மகள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டவர் இவர். வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஓக் மரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய சிற்றப்பாவும் குடும்பத்தாரும் சம்மாந்துறையிலிருந்து வந்தார்கள். நான் திரைக்கு இப்பால் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். முன்மண்டபத்தில் மருமகனின் குரலில் என் கப்பல் ஓடத் தொடங்கியது.

“இதக் குறுக்கால அறுத்து ரெண்டாக்கிட்டாங்க சாச்சா.”

“கப்பலயா?”

“ஓம். எங்கட மில்லுல பழைய லொறிட அடிச் சஸிய வெட்டி நீட்டினோமே, அதே வேலதான். நடுவுல துண்டு வெச்சு ஒட்டி, அதுக்குள்ள எஞ்சின இறக்கிட்டாங்க.”

“தண்ணி உள்ளுக்க வராதா மனே?”

“கரைல ஏத்தித்தானே சாச்சா வெட்டின! கடலுக்குள்ள வெச்சு அறுக்க அவங்க என்ன நம்மட ஆக்களா?”

சிரிப்பு. தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. நீர் வற்றிய துறையை விளக்க எனக்கு அரைப் பத்திரிகை அளவு வசனம் வேண்டியிருந்தது. இவர் ஒரு லொறியை வைத்து முடித்துவிட்டார். என் கதை, என் கப்பித்தான்மார், என் நிலக்கரி. என் வாயில் இருந்தபோது யாரும் கேட்காத அதே சாமான்கள் அவர் வாயில் சிரிப்பு வரவழைத்தன. பத்திரிகையின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

“காத்து வந்தா புகைபோக்கிய மடிச்சிருவாங்க, குடய மடிக்கிற மாதிரி” என்றார் அவர்.

தாங்க முடியவில்லை. திரைக்குள்ளிருந்து, “குடை இல்ல. தொலைநோக்கி மாதிரி ஒண்டுக்குள்ள ஒண்டு இறங்கும்” என்றேன்.

“மாமா, இஞ்சால வாங்களன்” என்றார் மருமகன், உண்மையான மகிழ்ச்சியோடு. நான் போகவில்லை. மனைவி குசினியிலிருந்து வந்து, “ஆக்கள் சந்தோசமா சிரிக்கக்குள்ள ஏன் உள்ளுக்க இருந்து அசரீரி மாதிரிச் சத்தம் போடுறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று பின்னேரம் கப்பலின் மிச்ச வாழ்க்கையை நினைத்துக்கொண்டிருந்தேன். அது வடக்குக் கடல் ஒன்றில் போருக்குப் போனது, கோட்டைகளுக்கு எட்ட நின்று சுட்டது, திரும்பி வந்தது. அறுத்து ஒட்டிய காயம் ஆறுவதற்குள் இரும்புத் தகடு போர்த்த கப்பல்கள் வந்துவிட்டன. மரக் கப்பல், நீராவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் கிழடாகிவிட்டது. இயந்திரத்தைக் கழற்றினார்கள். பாய்மரங்களை வெட்டினார்கள். தளத்துக்கு மேலே கூரை போட்டு, துறைமுக மூலையில் சங்கிலியால் கட்டி, மாலுமிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்கும் இடமாக்கினார்கள். பல வருடம் அசையாமல் நின்றது. பிறகு விறகுக்கும் தளபாடத்துக்கும் உடைத்து விற்றார்கள். எங்கள் பின்னறையின் கூரையும் தகடுதான். ஓர் ஆறுதல் இருந்தது: மருமகனுக்குப் பிறந்ததும் பெண்பிள்ளை. இரும்புக் கப்பல் இப்போதே தொட்டிலில் கிடக்கிறது. அவரும் ஒருநாள் மேசன்மாரைத் தேடுவார்.

அந்த ஆறுதல், நூலகங்கள் கொண்டாடும் வாசிப்பு மாதம் வரைக்கும் நிலைத்தது.

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத் தலைவர் முன்பு என் கீழ் வேலை செய்தவர். பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம் அவருடைய மோட்டார் சைக்கிள் வாசல் படலையில் நின்றது. வாசிப்பு மாதத்துக்குப் பேச ஆள் தேடுகிறார்கள் என்று பள்ளிவாசலில் கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு நாளாகவே சேட்டு ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். பேச்சுக் குறிப்பும் தயார். அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு முன்னுக்குப் போனேன்.

“சேர், சுகமா இரிக்கீங்களா?”

“அல்ஹம்துலில்லாஹ். இருங்க.”

“மருமகன் இரிக்காரா சேர்? வாசிப்பு மாதத்துக்கு அவர்ட்ட ஒரு பேச்சுக் கேப்பம் எண்டு. அந்தக் கப்பல் கதை.”

“எந்தக் கப்பல்?” என்றேன், கப்பல்கள் பல உள்ள வீட்டில் இருப்பவன் போல.

“இந்தா இரிக்கே சேர், மருமகன்ட கப்பல். ஊரெல்லாம் அதத்தானே கதைக்கிறாங்க.”

மருமகன் உள்ளிருந்து வந்து விடயத்தைக் கேட்டதும், “மாமா இரிக்கக்குள்ள நான் என்னத்தக் கதைக்கிற? மாமாதான் கதைக்க வேணும்” என்றார். தலைவரின் முகத்தைப் பார்த்தேன். கோப்புகளைத் திருப்பி எழுதிக் கொண்டுவரச் சொல்லும் நாட்களில் என் மேசைக்கு முன்னால் காட்டிய அதே முகம்.

“இல்ல, நீங்களே கதைங்க” என்று மருமகனிடம் சொன்னேன்.

பின்னறைக்கு வந்து சேட்டைக் கழற்றும்போது தீர்மானித்தேன். படம் சுவரோடு போயிற்று, கதை வாயோடு போயிற்று. ஆனால் பெயர் என்னிடம்தான் இருக்கிறது. கரையோரத்து மக்கள் ஒரு படகைப் பற்றிக் கேட்டால் முதலில் அதன் பெயரைத்தான் கேட்பார்கள். யாராவது நிச்சயம் கேட்பார். அவர் விழிப்பார். நான் எழுந்து, ஊர் முன்னால், பெயரைச் சொல்லி, என் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். அதன் பிறகு அதை மருமகன்ட கப்பல் என்று எவரும் சொல்ல முடியாது.

நூலக மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை, கால் உடையாதது. மருமகன் குறிப்பே இல்லாமல் பேசினார். லொறி வந்தது, குடை வந்தது, கரி படிந்த பாயைக் கழுவச் சொல்லிக் கத்தும் கப்பித்தான் சம்மாந்துறைத் தமிழில் கத்தினார். சுழலியை மேலே தூக்கும் இடத்தில், பின்னால் இருந்த படகுக்காரர்கள் தங்களுக்குள் கதைத்துச் சிரித்தார்கள். கரைக்கு வரும்போது எஞ்சினை அவர்களும் தூக்குகிறவர்கள்தானே. நான் பிழைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிறைய இருந்தன. மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் அவை தேவைப்பட்டன.

முடிந்ததும் கேள்வி நேரம். ஃபைபர் படகு இரண்டு வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார்.

“எல்லாம் சொன்னீங்க தம்பி. கப்பலுக்குப் பேர் என்ன?”

கதிரைக் கைப்பிடியில் கை வைத்து எழ ஆயத்தமானேன்.

மருமகன் தலையைச் சொறிந்தார். “பேர் இருந்த இடத்தக் கறையான் திண்டிட்டுது. எங்கட வீட்டுல அதுக்கு மாமாட கப்பல் எண்டுதான் பேர்.”

மண்டபம் கைதட்டியது. “மாமாட கப்பல்! நல்ல பேர்!” என்றார் படகுக்காரர். யாரோ ஒலிவாங்கியை என் கையில் திணித்தார்கள். “சேருக்குத் தெரிஞ்சிரிக்கும், சேர் சொல்லுங்க.”

ஒலிவாங்கி கையில், பெயர் நாக்கில். சொன்னால் அது ஒரு வெளிநாட்டுக் கடற்படையின் கப்பல் ஆகிவிடும். சொல்லாவிட்டால் என் கப்பல். ஆனால் என் கப்பல் என்று சபையில் எழுதிக் கொடுத்தவர் அவர், கைதட்டலும் அவருக்கு. இரண்டு பக்கமும் அவரே வென்றிருந்தார், தான் போட்டியில் இருப்பதே தெரியாமல்.

“பெயர் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை” என்று சொல்லி அமர்ந்தேன்.

வீட்டுக்கு அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் போனேன். மஃரிப் தொழுகைக்கு முந்திய அந்தி நேரம், பிரதான வீதியில் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று எங்களை முந்த விடாமல் முன்னால் போனது. மெதுவாகப் போக வேண்டியிருந்ததால் கதைக்க முடிந்தது.

“மாமா, உங்களுக்குப் பேர் தெரியும், என்ன?”

“ஏன் கேக்கிறீங்க?”

“தெரியாட்டி தெரியா எண்டிருப்பீங்க. உறுதிப்படுத்தல்ல எண்டு கந்தோர்க் கடிதம் மாதிரிக் கதைச்சீங்க.”

“தெரியும்” என்றேன். அவருடைய காதருகே குனிந்தேன். “சொல்லட்டா?”

“வாணாம் மாமா. அது உங்களிட்டயே இரிக்கட்டும்.”

இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. அதுவரை அந்தப் பெயர் நான் பிடித்து வைத்திருந்த பொருள். அந்த நொடியிலிருந்து அவர் விட்டு வைத்த பொருள். நன்கொடை உறுதியில் கொடுப்பவர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, பெறுபவரும் ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஏற்க மறுத்தால் பொருள் கொடுத்தவரிடமே நிற்கும். நின்றுவிட்டது. படம் அவர்களுடைய சுவரில், பெயர் என் வாயில். காணி விடயத்தில் இதைப் பிரிபடாத பங்கு என்போம். அப்படிப்பட்ட பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிப்பதை நிறையக் கண்டிருக்கிறேன்.

அன்று சாப்பாட்டுக்கு விளைமீன். தலை வழக்கம்போல அவர் பக்கம் போனது. அதற்கு உறுதி எதுவும் எழுதப்படவில்லை, ஆட்சேபிக்கவும் வழியில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சம்மாந்துறையிலிருந்து மறுபடி ஆட்கள் வந்தார்கள். நான் திரைக்கு இப்பால் இருந்தேன். கப்பல் அறுபட்டது, லொறி நீண்டது, எஞ்சின் இறங்கியது.

“பேர் என்ன மனே இதுக்கு?” என்றது ஒரு புதிய குரல்.

“அது மாமாக்கு மட்டும்தான் தெரியும் பெரியப்பா. சொல்லவே மாட்டார்.”

“என்ன மனிசன் அவர்?”

“காத்து வந்தா இந்தப் புகைபோக்கிய,” என்று மருமகன் குரலைச் சற்றே உயர்த்தினார், “குடய மடிக்கிற மாதிரி மடிச்சு—”

பத்திரிகையை மடித்து வைத்தேன். திரையை விலக்கிக்கொண்டு முன்மண்டபத்துக்குப் போய், படத்துக்கு நேர் கீழே இருந்த கதிரையில் அமர்ந்தேன்.

“குடை இல்ல” என்று தொடங்கினேன்.